வெளிநாட்டில் நீங்களும் உங்கள் பிள்ளையும்: இரண்டு பேர் குடும்பத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாங்கள் வெளிநாட்டுக்கு வந்து நான்காவது மாதம். நடுராத்திரியில் காய்ச்சல் ஏறி, கட்டிலை விட்டு என்னால் எழ முடியவில்லை. ஆறு வயது மகள் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "யாருக்கும்மா போன் பண்ணணும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வங்கிக் கணக்கு திறந்தாயிற்று, வாடகை ஒப்பந்தம் போட்டாயிற்று, பள்ளியில் இடமும் கிடைத்தாயிற்று. அந்த நேரத்தில் கூப்பிட ஒரு ஆள் மட்டும் இல்லை.

விடியும்போது காய்ச்சல் குறைந்துவிட்டது. அவள் கேட்ட கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அதற்குப் பதில் தேடிய மூன்று வருடங்களில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். துணை வேறு நாட்டில் வேலையில் இருக்கலாம், பிரிந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். காரணம் எதுவானாலும் ஒரு பிள்ளையோடு தனியாக வெளிநாட்டில் குடும்பம் நடத்துகிற அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இது உதவும். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே சில நாடுகளின் விதிகளைச் சொல்லும்போது, "நாம் போகும் நாட்டில் இது எப்படி?" என்று விசாரிக்க வேண்டிய கேள்வியாக அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கிளம்புவதற்கு முன் தாள்கள்

பெட்டி கட்டுவதைக் கடைசி வாரத்தில்கூடப் பார்த்துக்கொள்ளலாம். தாள்களுக்குக் குறைந்தது மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

முதலில் பிறப்புச் சான்றிதழ். பிள்ளைக்கும் உங்களுக்கும் உள்ள உறவை எந்த நாட்டிலும் நிரூபிக்கும் தாள் அதுதான். அதில் அப்போஸ்டில் முத்திரை வாங்கிவிடுங்கள். 1961-இல் தி ஹேக் நகரில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, ஒரு உறுப்பு நாடு இந்த முத்திரையைப் போட்டால், மற்ற உறுப்பு நாடுகளில் தூதரகம் தூதரகமாக அலையாமல் அந்தத் தாளை ஏற்றுக்கொள்வார்கள். 120-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன. சீனாவில் 2023 நவம்பரிலும் கனடாவில் 2024 ஜனவரியிலும்தான் இது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு போனவர்கள் சொல்லும் நடைமுறை இன்று மாறியிருக்கும், புதிதாக விசாரியுங்கள். தாளைக் கொடுத்த நாட்டில்தான் முத்திரையும் போட முடியும். போய்ச் சேர்ந்த பிறகு அங்கிருந்து இதைச் செய்வது பெரிய அலைச்சல். திருமணச் சான்றிதழ், விவாகரத்துத் தீர்ப்பு, துணை இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றுக்கும் இதே வழிதான்.

அடுத்து சம்மதக் கடிதம். பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ உங்களோடு வரவில்லை என்றால், "என் பிள்ளை இவரோடு பயணம் செய்யவும் அங்கே தங்கவும் சம்மதிக்கிறேன்" என்று எழுதி, நோட்டரி முன் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், பயணத் தேதிகள், கையெழுத்துப் போடுபவரின் தொலைபேசி எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் நல்ல உறவில் இருக்கிறோமே, இது எதற்கு என்று தோன்றும். விமான நிலையத்தில் கேள்வி கேட்கும் அதிகாரிக்கு அது தெரியாது. அம்மாவின் பெயரும் பிள்ளையின் பெயரும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்தால் இந்தக் கேள்வி இன்னும் நிச்சயமாக வரும். 1980-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தம் ஒன்றும் இருக்கிறது. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை, வளர்ப்புரிமை உள்ள மற்றவரின் சம்மதம் இல்லாமல் வழக்கமாக வாழும் நாட்டிலிருந்து கூட்டிப்போனால், உறுப்பு நாடுகளுக்குள் திருப்பி அனுப்ப உத்தரவிட இடம் தருகிற ஒப்பந்தம் அது. பின்னாளில் மனக்கசப்பு வந்தால் உங்களைக் காப்பது அந்த ஒரு பக்கக் கடிதம்தான்.

பெயரை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சடித்துவிடுவார்கள். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. அப்புறம் பள்ளிப் பதிவேடு வரைக்கும் அந்த மூன்று எழுத்தே பிள்ளையின் பெயராக ஓடும். கிளம்பும் முன்பே பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டு பகுதியாக்க முடிந்தால் ஆக்கிவிடுங்கள்.

தடுப்பூசி அட்டையை மருத்துவரிடம் கொடுத்து, எந்த ஊசி எந்தத் தேதியில் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். மாதத்தை எண்ணாகப் போடாமல் எழுத்தாகப் போடச் சொல்லுங்கள். 04/07 என்றால் அமெரிக்காவில் ஏப்ரல் 7, வேறு பல நாடுகளில் ஜூலை 4. இந்தக் குழப்பத்தால் போட்ட ஊசியையே மறுபடி போட வேண்டி வரலாம். ஜெர்மனியில் 2020 மார்ச் முதல் தட்டம்மைத் தடுப்புக்கு ஆதாரம் காட்டாமல் மழலையர் காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள். பிரான்ஸில் 2018 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பத்துக்கும் மேற்பட்ட நோய்களுக்கான தடுப்பூசிகள் கட்டாயம். பிள்ளைக்குக் காசநோய்க்கான பிசிஜி போட்டிருந்தால் அதையும் பட்டியலில் சேருங்கள். பிசிஜி போட்ட பிள்ளைக்குத் தோலில் செய்யும் காசநோய்ப் பரிசோதனை நோய் இல்லாமலே வீங்கிக் காட்டலாம். அப்போது பதறாமல், பிசிஜியால் பாதிக்கப்படாத ரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறதே, அதைச் செய்யலாமா என்று கேளுங்கள்.

இவை போக, கடைசி இரண்டு வருட மதிப்பெண் அட்டை, மாற்றுச் சான்றிதழ், வழக்கமாகச் சாப்பிடும் மருந்துக்கான சீட்டு. எல்லாவற்றையும் படம் பிடித்து மின்னஞ்சலில் ஒன்று, நம்பிக்கையான உறவினரிடம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: முதல் பத்து நாள்

இந்தப் பத்து நாளில் வீட்டை அழகாக்க முயல வேண்டாம். மூன்று காரியம் போதும்.

ஒன்று, தூக்கம். உடம்பின் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். ஐந்து மணி நேர வித்தியாசம் என்றால் ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கு நோக்கிப் போனால் இன்னும் கொஞ்சம் கஷ்டம். காலையில் எழுந்ததும் பிள்ளையை வெளிச்சத்தில் நடக்கக் கூட்டிப்போவதுதான் இதற்கு நல்ல மருந்து. ராத்திரி மூன்று மணிக்கு முழித்துக்கொண்டால் கைப்பேசியைக் கொடுக்காதீர்கள், மங்கிய விளக்கில் கதை சொல்லுங்கள். முடிந்தால் பள்ளியில் சேரும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள்.

இரண்டு, அவசர எண். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 112. அமெரிக்காவிலும் கனடாவிலும் 911. பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் மூன்று பூஜ்யம், நியூசிலாந்தில் 111. சில நாடுகளில் காவல்துறைக்கு ஒன்று, ஆம்புலன்ஸுக்கு ஒன்று. சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995, காவலுக்கு 999. ஜப்பானில் ஆம்புலன்ஸுக்கு 119, காவலுக்கு 110. எண்ணைத் தெரிந்துகொள்வதோடு நிறுத்தாமல், பூட்டியிருக்கும் உங்கள் கைப்பேசியிலிருந்தே அவசர அழைப்பு எப்படிப் போடுவது என்று பிள்ளைக்குக் காட்டுங்கள். போடும் நிலை வரைக்கும் கொண்டுபோய், அழுத்தாமல் நிறுத்திப் பழக்குங்கள்.

மூன்று, முகவரி. கூப்பிட்டால் முதலில் எங்கே இருக்கிறீர்கள் என்றுதான் கேட்பார்கள். புதிய நாட்டின் தெருப் பெயர் பிள்ளையின் நாக்கில் சட்டென்று நிற்காது. நான் எங்கள் முகவரியை ஒரு மெட்டில் போட்டுக் குளிப்பாட்டும்போது பாடினேன். மூன்றாவது நாளே அவள் திருப்பிப் பாடினாள். இந்த ஊருக்கு வந்து அவள் கற்ற முதல் பாட்டு எங்கள் கதவு எண்.

படி 3: மருந்தும் மருத்துவரும்

பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போகும் முன்பே மருத்துவரிடம் பதிவு செய்துவிடுங்கள். பல நாடுகளில் நேரே பெரிய மருத்துவமனைக்குப் போனால் மணிக்கணக்கில் உட்கார வைப்பார்கள். முதலில் குடும்ப மருத்துவர், அவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் சிறப்பு மருத்துவர் என்ற வழக்கம் பழகக் கொஞ்சம் நாளாகும். சாதாரணச் சளிக்கு மருந்தே தராமல் அனுப்பினால், நம்மை அலட்சியம் செய்கிறார்கள் என்று எனக்கு முதலில் கோபம் வந்தது. பல நாடுகளில் வைரஸ் சளிக்கு ஆன்டிபயாட்டிக் தராமல் இருப்பதுதான் முறை. அப்படி வரும் நாளில், "எந்த அறிகுறி வந்தால் நான் திரும்ப வர வேண்டும்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு கேள்வி ராத்திரியில் பெரிய தெம்பு.

மருந்தின் கடைப் பெயரை நம்பாதீர்கள், உள்ளே இருக்கும் வேதிப்பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பாராசிட்டமாலை அமெரிக்காவிலும் கனடாவிலும் அசிட்டமினோஃபென் என்பார்கள். ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமாலுக்கு அமெரிக்காவில் ஆல்பியூட்டரால் என்று பெயர். இதைவிட முக்கியமானது அளவு. பிரிட்டனில் சின்னப் பிள்ளைகளுக்கான பாராசிட்டமால் சிரப்பில் 5 மி.லி.யில் 120 மி.கி. இருக்கும், பெரிய பிள்ளைகளுக்கானதில் 250. அமெரிக்காவில் 5 மி.லி.யில் 160. ஆகவே "எப்போதும் ஒரு மூடி கொடுப்பேன்" என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது. பிள்ளையின் எடையைச் சொல்லி, இந்தப் புட்டியில் எத்தனை மி.லி. என்று மருந்தாளரிடம் கேட்டு, புட்டி மேலேயே எழுதி ஒட்டுங்கள். 16 வயதுக்குக் கீழே மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

கையில் கொண்டுபோகும் மருந்துகளையும் பாருங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்துக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாடு உண்டு. ஏடிஎச்டி எனப்படும் கவனக் குறைபாட்டு நிலைக்குத் தரும் ஆம்ஃபெடமின் வகை மருந்துகள் சிலவற்றை ஜப்பானுக்குள் கொண்டுபோகவே முடியாது.

வடக்கே தள்ளியிருக்கும் நாடு என்றால் இருட்டையும் கணக்கில் எடுங்கள். டிசம்பரில் லண்டனில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கருத்த தோலுக்கு வெயிலிலிருந்து வைட்டமின் டி கிடைக்க அதிக நேரம் வேண்டும். பிரிட்டனில் ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் தினமும் 10 மைக்ரோகிராம் தரச் சொல்கிறார்கள். உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள். உங்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

படி 4: பள்ளி

ஊரில் எந்த வகுப்பு என்பது அங்கே எடுபடாது. இங்கிலாந்தில் நான்கு வயது முடிந்த பின் வரும் செப்டம்பரில் பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுவார்கள். பின்லாந்தில் ஒன்றாம் வகுப்பே ஏழு வயதில்தான். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும், ஆஸ்திரேலியாவில் ஜனவரி கடைசியில். ஆகவே பிள்ளை ஒரு வகுப்பு ஏறலாம், இறங்கலாம். இறங்கினால் வருத்தப்படாதீர்கள். புது மொழியில் நடக்கும் வகுப்பில், பாடமாவது ஏற்கெனவே தெரிந்ததாக இருப்பது பிள்ளைக்கு ஒரு பிடிமானம்.

சேர்க்கும்போது ஆசிரியருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். பிள்ளையின் பெயரை எப்படி உச்சரிப்பது, வீட்டில் என்ன மொழி, எது ஒவ்வாமை, பயந்தால் என்ன செய்வாள், கழிப்பறைக்குப் போக எந்தச் சொல்லைச் சொல்வாள், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் என்பது. கடைசி வரி முக்கியம். "அப்பாவையும் கூட்டி வா" என்று ஆசிரியர் தெரியாமல் சொல்லிவிட்டால், பிள்ளை அதை வீட்டில் வந்து சொல்லாது. மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும்.

பள்ளிப் படிவத்தில் 'அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும்' என்று இரண்டு பெயர் கேட்பார்கள். நான் முதல் பெயராக என்னையும், இரண்டாவதாக வேறு கண்டத்தில் இருக்கும் என் தம்பியையும் எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் இருந்த அம்மையார் அதைப் பார்த்துவிட்டு, "இவர் வந்து சேர எத்தனை நேரமாகும்?" என்று மெதுவாகக் கேட்டார். உள்ளூரில் ஒரு பெயர் இல்லாமல் அந்தக் கட்டம் நிரம்பாது. படி 7-இல் அதற்கு வருகிறேன்.

பள்ளி நாட்களில் விடுமுறை எடுத்து ஊருக்குப் போவது இன்னொரு சங்கடம். விமானக் கட்டணம் குறைவாக இருக்கும் வாரம் பள்ளி நடக்கும் வாரமாகத்தான் இருக்கும். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் அனுமதி இல்லாமல் கூட்டிப்போனால் அபராதம் விழும். வருடத் தொடக்கத்திலேயே பள்ளி நாட்காட்டியை வாங்கிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

படி 5: மொழி

சேர்ந்த புதிதில் பிள்ளை பள்ளியில் வாயே திறக்காமல் இருக்கலாம். என் மகள் பதினோரு வாரம் ஒரு சொல் பேசவில்லை. வீட்டுக்கு வந்தால் மடை திறந்த மாதிரி தமிழில் கொட்டுவாள். புது மொழிக்குள் போகும் பிள்ளைகள் பலர் இப்படி ஒரு மௌனக் காலத்தைத் தாண்டுகிறார்கள். காது வேலை செய்துகொண்டிருக்கிறது, வாய் காத்திருக்கிறது. "இன்னைக்காவது பேசினியா?" என்று தினமும் கேட்காதீர்கள். "இன்னைக்கு யார் பக்கத்துல உட்கார்ந்த?" என்று கேளுங்கள். மௌனம் பல மாதம் நீண்டாலோ, வீட்டிலும் பேச்சு குறைந்தாலோ, தயங்காமல் ஆசிரியரையும் மருத்துவரையும் பாருங்கள்.

அப்புறம் ஒரு நாள் சரளமாகப் பேசத் தொடங்கிவிடும். அங்கேதான் பெற்றோர் ஏமாறுகிறோம். கனடாவின் மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் ஒரு வேறுபாட்டைச் சொன்னார். விளையாட்டு மைதானத்தில் பேசும் மொழி வேறு, பாடப்புத்தகத்தின் மொழி வேறு. முதலாவது வர ஏறக்குறைய இரண்டு வருடம், இரண்டாவது வர ஐந்து முதல் ஏழு வருடம். ஆகவே "நல்லாத்தானே பேசறான், ஏன் மதிப்பெண் வரல?" என்று பிள்ளையைத் திட்டுவது நியாயமில்லை. மொழித் துணை வகுப்பை, சரளமாகப் பேசுகிறான் என்பதற்காகப் பள்ளி நிறுத்தப் பார்த்தால், எழுத்துக்கு இன்னும் தேவை என்று கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் தாய்மொழியை விடாதீர்கள். "வீட்டிலும் எங்கள் மொழியிலேயே பேசுங்கள்" என்று உள்ளூர்க்காரர் யாராவது நல்லெண்ணத்தோடு சொல்வார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பிள்ளையின் பேச்சு பின்தங்காது. அதைவிட, உங்களுக்குக் கோபமும் கொஞ்சலும் ஆறுதலும் முழுசாக வருவது உங்கள் மொழியில்தான். அரைகுறை மொழியில் ஆறுதல் சொல்லும் அம்மா, பிள்ளைக்குப் பாதி அம்மாவாகத்தான் கிடைப்பாள். தூங்கும் முன் பதினைந்து நிமிடம் தமிழில் ஒரு கதை. எழுத்தை வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம். இதற்கு மேல் திணித்தால் மொழி தண்டனையாகிவிடும்.

இந்தப் படியில் நான் மனசார மன்றாடிக் கேட்பது வேறொன்று. பிள்ளையை உங்கள் மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். இரண்டாம் வருடத்தில் பிள்ளையின் மொழி நம்முடையதை முந்திவிடும். கடையில் ஒரு சொல் கேட்டுக்கொள்வது வேறு. வங்கிக் கடிதம், வீட்டுக்காரரோடு தகராறு, உங்கள் பரிசோதனை முடிவு இவற்றைப் பிள்ளையின் வாயால் கேட்பது வேறு. ஒரு முறை மருத்துவர் என்னிடம் சொன்னதை மகளை விட்டுச் சொல்லச் சொன்னேன். சாதாரண விஷயம்தான். ஆனால் அன்று ராத்திரி அவள் என் மூச்சு வருகிறதா என்று இரண்டு தடவை எழுந்து வந்து பார்த்தாள். அதன் பிறகு நான் அதைச் செய்யவில்லை. பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் 131 450 என்ற எண்ணில் டிஸ் நேஷனல் என்ற அரசுச் சேவை இருக்கிறது. தமிழும் உண்டு. அமெரிக்காவில் அரசு நிதி பெறும் மருத்துவமனைகள், அவசரம் தவிர, சிறுவர்களை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்றே விதி இருக்கிறது. நேரம் வாங்கும்போதே "எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். கூடவே நீங்களும் அந்த மொழியின் வகுப்பில் சேருங்கள். அம்மாவும் வீட்டுப்பாடம் எழுதுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு அது பெரிய துணை.

படி 6: சட்டம், சுருக்கமாக

பிள்ளையை அடிப்பதை 1979-இல் முதன்முதலாகத் தடை செய்த நாடு ஸ்வீடன். ஜெர்மனி 2000-இலும், ஸ்காட்லாந்தும் ஜப்பானும் 2020-இலும், வேல்ஸ் 2022-இலும் அந்த வழிக்கு வந்தன. இன்று அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் வீட்டுக்குள்கூட அடிக்கக் கூடாது. சட்டம் இருக்கிறதோ இல்லையோ, தனியாக வளர்க்கும்போது உங்கள் கைக்குப் பயப்படும் பிள்ளைக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள அந்த வீட்டில் வேறு மடி இல்லை. இதை நினைத்தே நான் கையை இறக்கினேன்.

தனியாக விட்டுப்போகும் வயதையும் விசாரியுங்கள். நியூசிலாந்தில் 14 வயதுக்குக் கீழே தக்க கவனிப்பு இல்லாமல் விட்டுப்போவது குற்றம். பிரிட்டனில் வயது குறிப்பிடவில்லை, ஆனால் ஆபத்து வரும்படி விட்டால் வழக்கு வரும். காரில் பிள்ளை இருக்கை பிரிட்டனில் 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம் வரைக்கும், ஜெர்மனியில் 12 வயது அல்லது 150 செ.மீ. வரைக்கும்.

படி 7: மூன்றாவது ஆள்

இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் பாசம் அதிகம், காற்று குறைவு. பிள்ளைக்கு எல்லாமே நீங்கள், உங்களுக்கும் எல்லாமே பிள்ளை. அது இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் முகம் வாடினால் பிள்ளைக்கு உலகமே வாடிவிடும். அதனால் வந்து ஆறு மாதத்துக்குள் ஒரு ஆளைச் சம்பாதியுங்கள். நூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழு இதற்கு உதவாது. உங்கள் வீட்டுச் சாவி வைத்திருக்கும், நடந்து வரும் தூரத்தில் உள்ள ஒரே ஒருவர் போதும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நான் நம் மொழி பேசுபவர்களைத்தான் முதலில் தேடினேன். நல்லவர்கள் கிடைத்தார்கள், ஆனால் ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில். கடைசியில் கிடைத்தவர் பள்ளி வாசலில் தினமும் என்னைப் போலவே மூச்சு வாங்க ஓடி வரும் இன்னொரு அம்மா. அவரும் வேறு நாட்டிலிருந்து வந்தவர். எங்களுக்குள் பொதுவான மொழி இருநூறு சொல் இருக்கும். அந்த வாசல்தான் நல்ல இடம். தினமும் பத்து நிமிடம் முன்னதாகப் போய் நில்லுங்கள். கைப்பேசியைப் பைக்குள் வையுங்கள். நூலகத்தில் பிள்ளைகளுக்கான கதை நேரம், பூங்கா, நீச்சல் வகுப்பு எல்லாம் இதே மாதிரிதான். ஒரே இடம், ஒரே கிழமை, ஒரே நேரம். தெரிந்த முகம் ஆக மூன்று மாதம் பிடிக்கும்.

கேட்பதற்கு முன் கொடுங்கள். "நாளைக்கு உங்கள் பையனை நான் கூட்டி வரட்டுமா, நீங்கள் மெதுவாக வாருங்கள்" என்று ஒரு மழை நாளில் நான் சொன்னேன். அடுத்த வாரம் அவர் சொன்னார். அதற்கடுத்து பள்ளிப் படிவத்தில் ஒருவர் பெயரை ஒருவர் எழுதிக்கொண்டோம். உதவி கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு இந்த வரிசை எளிது.

அவசரப்பட்டு யாரையும் நம்பிவிடவும் வேண்டாம். முதலில் இரண்டு குடும்பமும் சேர்ந்து வெளியே, பிறகு அவர்கள் வீட்டில் நீங்களும் கூட இருந்து, பிறகு பிள்ளை மட்டும் ஒரு மணி நேரம். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்த பிறகு பிள்ளை என்ன சொல்கிறது என்று கேளுங்கள். "அங்கே போக வேண்டாம்" என்று சொன்னால் காரணம் விளங்காவிட்டாலும் நிறுத்திவிடுங்கள்.

படி 8: ஒரு நாளை ஓட்டுவது

ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பின் பரிந்துரை. நாளைப் பின்னாலிருந்து கட்டுங்கள். ஆறரைக்கு எழ வேண்டும் என்றால் எட்டரைக்குப் படுக்கை, எட்டு மணிக்குக் கதை, ஏழுக்குச் சாப்பாடு. மிச்சமிருக்கும் நேரத்தில் எது முடியுமோ அது நடக்கட்டும். சீருடை, பை, காலணி, மேலங்கி எல்லாம் ராத்திரியே வாசலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். காலையில் முடிவெடுக்கும் வேலை எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது.

வேலையிலிருந்து வந்ததும் நேராக அடுப்பங்கரைக்குப் போகாமல் இருபது நிமிடம் தரையில் உட்காருங்கள். பிள்ளை பக்கத்தில் வந்து விழும். பள்ளியில் நடந்தது அப்போதுதான் வெளியே வரும். வீட்டு வேலையில் பிள்ளைக்கும் ஒரு பொறுப்பு கொடுங்கள், உண்மையிலேயே தேவைப்படும் வேலையாக. ஆனால் வாடகை, விசா, உங்கள் தனிமை ஆகிய பாரங்களைப் பிள்ளையிடம் இறக்காதீர்கள். அவற்றைப் பேச உங்களுக்கு வேறு ஒரு பெரிய ஆள் வேண்டும்.

தூரத்தில் இருக்கும் அப்பாவோடு, தாத்தா பாட்டியோடு பேசும் நேரமும் இதே அட்டவணையில் வர வேண்டும். "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க" என்றால் அது படுக்கை நேரத்தில்தான் வரும். கிழமையும் மணியும் குறித்துவிடுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றும் நாடாக இருந்தால் ஊரில் இருப்பவர்களுக்கு முன்பே சொல்லுங்கள். சின்னப் பிள்ளைக்குத் திரையைப் பார்த்து "நல்லா இருக்கியா" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஒன்றும் இருக்காது. பாட்டி ஒரு பக்கம் படிக்க, பேத்தி அடுத்த பக்கம் படிக்க ஒரே புத்தகம் இரண்டு வீட்டிலும் இருந்தால், பேச்சு தானாக வரும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் ஓடுகின்றன.

படி 9: நீங்கள் படுத்துவிட்டால்

உங்கள் கைப்பேசியில் மருத்துவ விவரப் பக்கத்தை நிரப்புங்கள். பூட்டைத் திறக்காமலே அதைப் பார்க்க முடியும். ரத்த வகை, ஒவ்வாமையோடு மூன்றாவது ஆளின் எண்ணும் அங்கே இருக்கட்டும். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள்: முகவரி, அவசர எண், அந்த ஆளின் பெயரும் எண்ணும், பிள்ளையின் மருந்து, ஊரில் சொல்ல வேண்டியவர் எண். உங்களால் முடியாத நிலையில் பிள்ளையைத் தற்காலிகமாக யார் பார்த்துக்கொள்வது என்று கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வேண்டும். அது அந்த நாட்டில் செல்லுபடியாக என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். வெளிநாட்டில் நான் செலவு செய்த பணத்தில் எனக்கு மிக நிம்மதி தந்தது அந்த ஒரு மணி நேரம். பாஸ்போர்ட் முடியும் தேதியும் அந்தத் தாளில் இருக்கட்டும். பல நாடுகளில் பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான், உங்களுடையதற்கு முன்பே முடிந்துவிடும். புதுப்பிக்க இரண்டு பெற்றோரின் சம்மதமும் கேட்பார்கள், ஆகவே ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள்.

கடைசியாக, ஒத்திகை பாருங்கள். யாருக்கும் உடம்பு சரியில்லாத ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை, பிள்ளையை அந்த ஆளின் வீட்டில் ஒரு ராத்திரி தூங்க விடுங்கள். பல் துலக்கும் பிரஷ், தலையணை, பிடித்த பொம்மை, மாற்றுடை, கதவில் இருக்கும் அதே தாளின் இன்னொரு பிரதி. என் மகள் முதல் தடவை போனபோது பத்து மணிக்கு அழுதுகொண்டே போன் செய்தாள். போய்க் கூட்டி வந்துவிட்டேன். இரண்டாவது தடவை பன்னிரண்டு மணிக்கு. மூன்றாவது தடவை போனே வரவில்லை. காலையில் போய்ப் பார்த்தால், இருநூறு சொல் மொழியில் அந்தப் பையனுக்கு எங்கள் முகவரிப் பாட்டைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.